பிரிக்காத பொட்டலம்

ஏனுங்க, சித்தெ அக்கட்டால தள்ளி உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸு கூட்டமா இருக்குதுன்னு எனக்கும் தெரியுது. என்ற சட்டப்பையில ஒரு பொட்டலம் இருக்குதுங்க, உங்க தோளு பட்டா நசுங்கிப் போயிரும். நசுங்குனாக்கூடப் பரவால்ல. பிரிஞ்சு போயிரக் கூடாது.

கோயில் துன்னூறா? இல்லீங்க. மாத்திரையும் இல்ல. உள்ள ஒரு பூவு இருக்குது. என்ன நெறம்னு கேக்கறீங்களா? அது தெரிஞ்சா நான் ஏனுங்க இந்த பஸ்ல உக்காந்திருக்கேன்? தெரியும். தெரியாது. ரெண்டுந்தான். கோயில்ல வாங்கி ரெண்டு மாசம் ஆகப் போகுது, இன்னும் நான் பிரிக்கல.

நீங்க எதுவரைக்கும்? திருப்பூரா? நானும் திருப்பூர்தான், அங்கிருந்து தாராபுரம் பஸ் புடிக்கோணும். மேல வெச்சிருக்கற பச்சப் பொட்டி என்னோடதுதான். மாத்தலாகிப் போறேனுங்க. யாரும் தூக்கியடிக்கல, நானாக் கேட்டு வாங்குன மாத்தல். கோபியில இருபத்திரண்டு வருசம் கரண்ட் ரீடிங் எடுத்தவன். வீடு வீடாப் போயி மீட்டரப் பாத்து அட்டையில எழுதற வேலை. மாரப்பன்னு கேட்டுப் பாருங்க, மனுசங்களுக்குத் தெரியாட்டியும் எங்கூரு நாய் அத்தனைக்கும் தெரியும்.

குவாண்டம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பூச்சி மருந்தா? இல்லீங்க, பேரு அப்படித்தான் இருக்குது, ஆனா இது சயின்ஸு. மூணு வருசத்துக்கு முன்னாடி எனக்கும் தெரியாது. மழைக்கு ஒதுங்குனப்ப எங்க கிளை நூலகத்துல ஒரு புஸ்தகம் கெடச்சுது. அட்டை இல்ல, எழுதுனவர் பேரு இல்ல, கடைசி முப்பது பக்கமும் இல்ல. சும்மாப் பொரட்டுனேன். அளக்கற வரைக்கும் ஒரு பொருளுக்கு இன்ன நெலைமைன்னு கெடையாது, அளக்கறவன் வந்து அளந்தாத்தான் அது ஒரு நெலைமைக்கு வரும்னு போட்டிருந்துச்சு. எனக்கு மேலு சிலுத்துப் போச்சுங்க. அளக்கறவன்னா யாரு? நான்தானுங்களே! இத்தன வருசம் வெயில்லயும் நாய்க்கடியிலயும் அளந்திருக்கேன், ஒருத்தன் மதிச்சதில்ல. எங்கியோ வெளிநாட்டுல பெரிய பெரிய மனுசங்க ஒக்காந்து என்ற வேலையப் பத்தி யோசிச்சிருக்காங்கன்னா சும்மாவா?

அதத் தூக்கிட்டு நேரா மஸ்தான் பாய் கடைக்குப் போனேன். பாயி டிவி மெக்கானிக்கு. இப்ப யாருங்க டிவியக் கழட்டிச் சரி பண்றாங்க? அதனால அவருக்கு நேரம் நெறையாக் கெடந்துச்சு. ரெண்டு பேரும் படிச்சோம், சண்டை போட்டோம். எதுத்தாப்புல வாணி மெடிக்கல்ஸ். அந்தக் கடை வெச்சிருக்கறவங்க கோகிலவாணி. பார்மசி படிச்சவங்க. வீட்டுக்காரரு தவறிப் பதினோரு வருசமாச்சு, ஒத்தையா நின்னு கடைய நடத்தறாங்க. எங்க சத்தம் தாங்காம ஒரு நாளு ரோட்டத் தாண்டி வந்து, ‘என்னுங்க சண்டை?’ன்னு கேட்டாங்க. சொன்னோம். ‘நானும் வரலாமுங்களா?’ன்னாங்க. அன்னையிலிருந்து ஞாயித்துக்கெழமை காத்தால ஏழரையிலிருந்து ஒம்பது வரைக்கும் பாய் கடையில எங்க மூணு பேருக்கும் குவாண்டம்.

மொத மாசம் பூராவும் பூனைங்க. ஒரு பூனையப் பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டா, தெறந்து பாக்கற வரைக்கும் அது உசுரோடவும் இருக்குமாம், செத்தும் இருக்குமாம். பாயி ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாரு. ‘மாரப்பண்ணா, பூனையப் பொட்டில அடச்சாக் கத்தும். கத்துச்சுன்னா உசுரோட இருக்குது. இதுக்கு எதுக்கு ஒரு புஸ்தகம்?’னாரு. வாணியம்மா சிரிச்சுப்போட்டு, ‘உனக்கு எப்படி இருக்குதுன்னு அந்தப் பூனைகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?’ன்னாங்க. நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். எல்லாத்தையும் எழுதி வெக்கறது நான்தான், தலைவருங்களே. அவங்க ரெண்டு பேரும் என்னையத் தலைவருன்னு சொன்னதில்ல. ஆனா ஒரு குழுன்னா ஒருத்தர் இருக்கோணுமுல்லீங்க.

பாயி நெம்ப மொரண்டுங்க. ஒரு நாளு கேக்கறாரு, ‘நீங்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து என்ற கடை மீட்டரப் பாக்கறீங்க. நடுவால நீங்க பாக்காதப்ப அது ஓடாம நிக்குதா? வீடு பூட்டிக் கெடந்தாலும் மீட்டரு ஓடுதுல்ல?’ ‘மீட்டரு பெருசுங்க பாய், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சாமானுக்கு’ன்னு சமாளிச்சேன். எலக்ட்ரான் துகளா அலையான்னு ஒரு பாடம் வந்துச்சு. ‘அது என்னமோ, மாரப்பண்ணன் அலைதான். வெயில்ல அலையற அலை’ன்னு சொல்லி அவரே சிரிச்சாரு. வாணியம்மா சிரிக்கல. அவங்க கடைக்குப் போயி மோரு கொண்டாந்து குடுத்தாங்க.

ஆனா அவங்ககிட்ட எனக்கு ஒரு கொறை உண்டுங்க. சொல்லியே தீரோணும். ஊரே என்னைய அண்ணாங்குது. பாயி அண்ணாங்கறாரு, என்னைவிட எட்டு வயசு மூத்தவரு. வாணியம்மா பாயை அண்ணாம்பாங்க, போஸ்ட்மேனை அண்ணாம்பாங்க, மருந்து கொண்டுவந்து போடற வண்டிக்காரனக்கூட அண்ணாம்பாங்க. என்னைய மட்டும் ‘ஏனுங்க’. வெறும் ‘ஏனுங்க, டீ ஆறுதுங்க.’ ‘ஏனுங்க, தொப்பி போட்டுட்டுப் போங்க, வெயிலு.’ ஒரு மருவாதிக்காச்சும் அண்ணான்னா என்னங்க, வாயா வலிச்சுப் போகும்?

அப்பறம் அவங்க கேக்கற கேள்விங்க. ஒருக்கா அவங்க கடைக்கு ரீடிங் எடுக்கப் போனேன். அட்டைய நீட்டிக்கிட்டே, ‘ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவீங்களா?’ன்னாங்க. ‘ரூல்ஸ் அப்படித்தானுங்க’ன்னேன். உண்மையத்தானே சொன்னேன்? இன்னொருக்கா, ‘ஏனுங்க, ஊருல எல்லா வீட்டு மீட்டரையும் நீங்க பாக்கறீங்க, உங்க வீட்டு மீட்டர யாரு பாக்கறாங்க?’ன்னாங்க. ‘அதுவும் என்ற ஏரியாதானுங்க, நானேதான் பாக்கறேன்’னேன். அவங்க அட்டைய ஆணியில மாட்டிட்டு உள்ள போயிட்டாங்க. படிச்சவங்களுக்குக்கூட டிபார்ட்மெண்ட் விசயம் புரியறதில்லீங்க.

சிரிக்கறீங்களா? சிரிங்க சிரிங்க. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியல.

நான் கல்யாணம் பண்ணிக்கல. நாப்பத்தெட்டு ஆச்சு. பண்ணிக்கலைன்னா, ஆகலைன்னு அர்த்தம். எங்கம்மா இருந்த வரைக்கும் பதினேழு வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். போற வரைக்கும் எனக்கு ஆகும், ஆகாது ரெண்டும் இருக்கும். நல்ல சட்டையாப் போட்டுட்டு, தலைய வாரிக்கிட்டு, பஸ்ல போறப்பவெல்லாம் அந்தப் பொண்ணோட குடும்பமே நடத்தியிருப்பேன். கேசரியும் பஜ்ஜியும் தின்னுட்டு வெளிய வந்தா ஆகாது மட்டுந்தான் நிக்கும். வெயில்ல அலையற வேலை வேண்டாமாம், ஆபீஸ்ல காத்தாடிக்குக் கீழ உக்கார்ற வேலை வேணுமாம். பதினேழு தடவைங்க. அதுக்கப்பறந்தான் எனக்கு அந்தப் புஸ்தகம் கெடச்சுது. படிச்சவொடனே புரிஞ்சுது. பாத்ததுனாலதானுங்க கெட்டுச்சு! பாக்காம இருந்திருந்தா பதினேழு பேரும் எனக்குப் பாதிப் பொண்டாட்டியாவாச்சும் இருந்திருப்பாங்க.

இதைக் கூட்டத்துல சொன்னேன். பாயி தலையில அடிச்சுக்கிட்டாரு. வாணியம்மா மட்டும் மெதுவா, ‘பதினெட்டாவது வீடு போகலீங்களா?’ன்னாங்க. ‘அம்மா போனப்பறம் யாரு கூட்டிட்டுப் போறாங்க?’ன்னேன். ‘தானாப் போகத் தெரியாதா?’ன்னாங்க. நான் பேச்ச மாத்திட்டேன்.

மறைக்க என்ன இருக்குதுங்க, நீங்க யாரோ, நான் யாரோ. எனக்கு அவங்கள நெம்பப் புடிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கெழமை வர்றதுக்காகத்தான் திங்கள்லேருந்து சனி வரைக்கும் நடந்துட்டிருந்தேன். ரெண்டாங் கல்யாணம்னா ஊரு நாலு பேசும், அதுக்கெல்லாம் எனக்குப் பயமில்ல. அவங்க இல்லைன்னு சொல்லிருவாங்களோன்னுதான் பயம். கேக்காத வரைக்கும் ஆமாவும் இருக்குது, இல்லையும் இருக்குதுல்லீங்க? அந்தப் பாதி ஆமாவையே வெச்சு மூணு வருசம் சந்தோசமா ஓட்டிட்டேன்.

புஸ்தகத்துல கடைசியா இருந்த பாடம் பின்னல். வாணியம்மா, ‘சடைப் பின்னலா?’ன்னு கேட்டாங்க. அது இல்லீங்க. ரெண்டு துகள ஒண்ணாப் பொறக்க வெச்சு ஆளுக்கொரு தெசைக்கு அனுப்பிட்டா, ஒண்ணு இங்க இருக்கும், இன்னொண்ணு அமெரிக்காவுல இருக்கும். இங்க இருக்கறத நீங்க பாத்து இது இப்படின்னு தெரிஞ்ச அந்த நிமிசமே அங்க இருக்கறது அதுக்கு நேர்மாறுன்னு ஆயிப்போகும். போயிப் பாக்கவே வேண்டாம். அதோட பக்கம் முடிஞ்சு போச்சு, மிச்சமெல்லாம் கிழிஞ்சது. ‘அடடா, அப்பறம் என்னாச்சுன்னு தெரியலையே’ன்னேன். ‘மிச்சத்த நாமதான் எழுதிக்கோணும்’னாங்க வாணியம்மா. எனக்கு அத்தன சயின்ஸு எழுத வராதுங்கன்னு சொல்லிப்போட்டேன்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. எங்க பக்கம் பூவாக்குக் கேக்கறதுன்னு ஒரு வழக்கம் உண்டுங்க. நீங்க மதுரைப் பக்கமா? அப்பச் சொல்றேன். ஒரு காரியம் ஆகுமா ஆகாதான்னு சாமிகிட்டக் கேக்கோணும்னா, ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூவு, ஒரு பொட்டலத்துல செவப்புப் பூவு வெச்சு, ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சு சாமி முன்னாடி போடுவாங்க. மனசுக்குள்ள கேட்டுக்கோணும். கோயிலுக்கு வந்த சின்னப் புள்ளை யாரையாச்சும் கூப்பிட்டு ஒண்ண எடுக்கச் சொல்வாங்க. வெள்ளைன்னா சாமி சரின்னுருச்சு. செவப்புன்னா வேண்டாம்னுருச்சு. எடுக்காத பொட்டலத்தத் தூக்கி வீசிருவாங்க. இது பின்னல்தானுங்களே! ஒண்ணு வெள்ளைன்னா இன்னொண்ணு எங்க கெடந்தாலும் செவப்பு. எந்த வெளிநாட்டுக்காரனும் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடியே எங்கூருப் பூசாரிங்க கண்டுபுடிச்சுட்டாங்க.

‘எனக்கும் ஒரு காரியம் கேக்கோணும், சயின்ஸையும் பாத்துரலாம், வாங்க குன்று மேல இருக்கற கரட்டுக் கோயிலுக்குப் போலாம்’னு ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். ‘நல்ல காரியமுங்களா?’ன்னாங்க வாணியம்மா. ‘ஆமாங்க’ன்னேன். காதெல்லாம் சூடாயிருச்சு. ‘பொட்டலம் நான் மடிச்சுக் கொண்டாறேன், எனக்கு அதானே வேலை’ன்னாங்க.

அடுத்த ஞாயிறு போனோம். கரட்டுக்குக் கீழ பூக்காரம்மா ஒண்ணு உக்காந்திருக்கும். முருகனுக்குச் செவ்வரளி மாலை வாங்கலாம்னு கேட்டா, மழைக்கு ரெண்டு நாளாச் செவ்வரளி வரத்தே இல்ல, செவப்புல ஒரு பூவும் இல்ல, நந்தியாவட்டைதான் இருக்குதுன்னு எம்மேல சலிச்சுக்குது. நானாங்க மழையப் பேய வெச்சேன்? பேசாமத் தேங்காயும் பழமும் வாங்கிட்டுப் படியேறிட்டேன். பாயி காத்து வாங்க வர்றேன்னு கூடவே ஏறுனாரு. வாணியம்மா கீழயே நின்னு பூ வாங்கி, மருந்து போடற கவரக் கிழிச்சு, பொட்டலம் மடிச்சுக் கொண்டாந்தாங்க. ரெண்டும் அச்சு மாறாம இருந்துச்சு. அந்தக் கைக்கு அது ஒரு வேலையா?

பூசாரி ரெண்டையும் வேலுக்கு முன்னாடி வெச்சாரு. நான் கண்ண மூடிக் கேட்டேன். என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு சின்னப் புள்ளை, பாவாடை கட்டிட்டு ஓடி வந்து ஒண்ண எடுத்து என்ற கையில குடுத்துச்சு. ‘பிரிங்க’ன்னாரு பூசாரி. எனக்குக் கை வரலீங்க. பதினேழு வீட்டுக் கேசரியும் அந்த நிமிசம் தொண்டைக்கு வந்துச்சு. ‘பிரிக்க மாட்டேனுங்க. பிரிக்காத வரைக்கும் இதுல ரெண்டும் இருக்குது’ன்னு சொல்லிச் சட்டப்பையில போட்டுட்டேன். பூசாரி என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. இன்னொரு பொட்டலத்த அவரு வீசப் போனப்ப, ‘அத எனக்குக் குடுங்க’ன்னு வாணியம்மா வாங்கிக் கைப்பையில வெச்சுக்கிட்டாங்க.

எறங்கறப்ப பாயி விடல. ‘என்னமோ பிரிச்சாத்தான் நெறம் வரும்னு சொல்றீங்க. மடிச்சவங்களுக்கு உள்ள என்ன நெறம்னு மடிச்சப்பவே தெரியும்ல?’ன்னாரு. நான் வாணியம்மாவப் பாத்தேன். அவங்க தூரத்துல வயலப் பாத்துட்டிருந்தாங்க. ‘மடிச்சவகிட்ட யாரு கேக்கறாங்க? எல்லாரும் சாமிகிட்டத்தான் கேக்கறாங்க’ன்னாங்க. கீழ வந்தப்பறம் எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, ‘வீட்டுக்குப் போயாச்சும் பிரிச்சுப் பாருங்க’ன்னாங்க. தலையாட்டுனேன். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னாடி வெச்சேன். பிரிக்கல.

அடுத்த நாளு காத்தால தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். தலைவலி இல்ல, சும்மாத்தான். போனா, ஏனுங்க, எப்படிச் சொல்றது. வாணியம்மா தலையில பூவு. பதினோரு வருசமா அந்தத் தலையில நான் பூ பாத்ததில்ல, ஊரும் பாத்ததில்ல. ஒத்தை நந்தியாவட்டை. அதுவும் புதுப்பூ இல்ல, வாடிப் போன பூவு. வாடுன பூவ யாராச்சும் கடையில வாங்கி வெப்பாங்களா? ரீடிங் எடுத்துப் பழகுன கண்ணுங்க, ஒடனே கணக்குப் போட்டுருச்சு. அது பொட்டலத்துப் பூவு. அவங்க பொட்டலம் வெள்ளை. அப்படின்னா என்ற பொட்டலம்?

செவப்பு. அந்த நிமிசமே செவப்பு. பாக்கவே வேண்டாம், புஸ்தகத்துல அப்படித்தானே போட்டிருக்குது.

அவங்க என்னையே பாத்துட்டு நின்னாங்க. மொகமெல்லாம் அப்படி ஒரு சிரிப்பு. ‘ஏனுங்க, பாத்தீங்களா?’ன்னாங்க. ‘பாத்தேனுங்க’ன்னேன், தலையில இருந்த பூவப் பாத்துத்தான். ‘என்ன சொல்றீங்க?’ன்னாங்க. எனக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. சாமி வேண்டாம்னு சொன்னதுல ஒரு மனுசிக்கு இத்தன சந்தோசமாங்க? தப்பிச்சோம்னு பூ வெச்சுக் கொண்டாடற அளவுக்கா நான் போயிட்டேன்? ‘ஒண்ணுமில்லீங்க, ஆண்டவன் விட்ட வழி’ன்னு சொல்லிட்டு மாத்திரைகூட வாங்காம வந்துட்டேன். அதுக்கப்பறம் பாய் கடைக்கும் போகல, அந்தப் பக்கம் ரோட்டுல நடக்கறதயும் விட்டுட்டேன்.

ஒரு மாசங்கழிச்சு பாயி வீடு தேடி வந்தாரு. ‘அந்தம்மா கேட்டுச்சு. நான் மடிச்சுக் குடுத்தத அவரு பிரிச்சாரா, எடுத்துக்கிட்டாரான்னு கேட்டுச்சு’ன்னாரு. மருந்தச் சொல்றாங்கன்னு நெனச்சேன், ஏதோ பழைய சளி மருந்து. ‘எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மருந்தெல்லாம் வேண்டாம்னு சொல்லிருங்க’ன்னேன். பாயி போயி அப்படியே சொல்லியிருக்காரு. அதக் கேட்டுட்டு அந்தம்மா கடைய அரை நாளு மூடிட்டாங்களாம். எதுக்கு மூடுனாங்கன்னு தெரியல. ஸ்டாக் எடுக்கறதா இருக்கும்.

அந்த வாரமே மாத்தலுக்கு எழுதிக் குடுத்தேன். இன்னைக்குத் தேதி பதினாலுல்லீங்க? வாணி மெடிக்கல்ஸ் வீதிக்கு இன்னைக்குத்தான் ரீடிங்கு. அதனாலதான் இன்னைக்கே கெளம்பிட்டேன். அந்தக் கடைக்குள்ள போயி, அவங்க கையால அட்டைய வாங்கி, அந்த மொகத்துக்கு முன்னாடி நின்னு நம்பர் எழுதற தெம்பு எனக்கில்லீங்க. எனக்குப் பதிலா ஒரு புது ஆளு வந்திருக்காரு, பதினோரு மணிக்கெல்லாம் அந்த வீதிக்கு வந்துருவாரு. எழுதிட்டுப் போகட்டும்.

என்னங்க? இப்பவே பிரிக்கறதா? எதுக்குங்க? தெரிஞ்சு போனத எதுக்குப் பிரிச்சுப் பாக்கோணும்? இருந்தாலும் தூக்கிப் போட மனசு வரலீங்க. அவங்க மடிச்சதுல்ல.

என்ன கேக்கறீங்க?

செவப்புப் பூவ எங்க வாங்குனாங்களா? அங்கதான் வாங்கியிருப்பாங்க, கரட்டுக்குக் கீழ, அந்தப் பூக்காரம்மா…

அந்தப் பூக்காரம்மாகிட்டத்தான் செவப்பே இல்லையே.

இருங்க. வேற எங்கயாச்சும் வாங்கியிருப்பாங்க. காத்தால வீட்டுலேருந்தே… இல்லீங்க, கீழ நின்னுதான் வாங்குனாங்க. படியிலிருந்து நான் பாத்தேன். கோயிலுக்குன்னு அங்க வேற பூக்கடையும் கெடையாது. இருங்க, இருங்க. இந்தக் குவாண்டம் நோட்டப் புடிங்க சித்தெ, பிரிக்கறேன். மடிப்பப் பாருங்க, எப்படி மடிச்சிருக்காங்க, ஒரு மூலை அவுந்தா எல்லாம் அவுந்துரும்.

வெள்ளைங்க.

காஞ்சு சருகாப் போயிருச்சு, ஆனா வெள்ளைதானுங்க? நீங்க சொல்லுங்க, என்ற கண்ணு நம்பற மாதிரி இல்ல. வெள்ளைதானே? அதெப்படி? அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளைன்னா, புஸ்தகம் பொய்யா? பின்னல் பொய்யா? அத்தன பெரிய மனுசங்களும்…

ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிருக்காங்க.

எதை எடுத்தாலும் வெள்ளை. சாமிக்கு வேற வழியே விடல. பதினோரு வருசங்கழிச்சுப் பூ வெச்சுக்கிட்டு, பாத்தீங்களான்னு கேட்டாங்களே, நான் என்னத்தைங்க பாத்தேன்? மருந்து வேண்டாம்னு வேற சொல்லி அனுப்புனேனே பாவி! கடைய மூடிட்டு உக்காந்து அழுதிருக்காங்க, நான் ஸ்டாக் எடுக்கறாங்கன்னு…

இதுல என்னமோ எழுதியிருக்குதுங்க. காயிதத்துக்கு உள்பக்கம். மருந்துக் கவருதான் இது, காலை, மதியம், இரவுன்னு கட்டம் போட்டது. மூணுலயும் டிக் அடிச்சிருக்காங்க. கீழ பேனாவுல… நீங்க படிங்க, எனக்குக் கண்ணு கலங்குது. ‘காலாவதி: அடுத்த ரீடிங் தேதி வரைக்கும்.’

அடுத்த ரீடிங்கு. இன்னைக்குங்க! பதினாலு!

கண்டக்டரே! நிறுத்துங்க! இது எந்த ஊரு, குன்னத்தூரா? எறங்கோணும், எறங்கோணும்! டிக்கெட் திருப்பூருக்குத்தான் எடுத்தேன், இருக்கட்டுமுங்க, நிறுத்துங்க! தாராபுரமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். ஏனுங்க, அந்தப் பச்சப் பொட்டிய சன்னல் வழியா நீட்டிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். இல்ல, குடுங்க, மிச்சத்த எழுதோணும்னு சொன்னாங்க. உங்க வீட்டு மீட்டர யாரு பாக்கறாங்கன்னு கேட்டாங்களே, நானேதான்னு சொன்னேனே! டிபார்ட்மெண்ட் விசயம்னு நெனச்சுட்டேனுங்க!

பொட்டி வந்துருச்சு, விட்டுருங்க. அதா, கோபி பஸ்ஸு எதுக்க நிக்குது. ஏனுங்க, சித்தெ கையப் பாத்துச் சொல்லுங்க, மணி என்னாச்சு?

பத்தேகாலா? அப்பக் காலாவதியாகலீங்க!